ஓட்டுப் போடாதவருக்குத் தண்டனையா?

கேள்வி: ஓட்டுப் போடாதவர்களின் ரேஷன் கார்டை நிறுத்தினால் எல்லோரும் தன்னால வருவார்கள் என்கிறான் என் மகன். சரிதானே ஐயா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இல்லை அம்மா. தம்பியின் கோபம் நியாயமானது, 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க நூற்றுக்கு 66 பேர் அளவில்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ரேஷனை நிறுத்தினால் அடி யாருக்கு? காரை வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறவருக்கு ரேஷன் அரிசியே வேண்டாம். திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பையனின் வீட்டில்தான் உலை கொதிக்காது. ஓட்டுப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுமுறை தரச் சட்டம் இருக்கிறது, தினக்கூலிக்கும் சேர்த்துத்தான். சரி, பஸ் காசும், போக வர ஆகிற இன்னொரு நாள் கூலியும் யார் கொடுப்பது? வர மாட்டேன் என்பவரையும் வர முடியாதவரையும் ஒரே கோலால் அடிக்கக் கூடாது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் முடிகிறது, இங்கே ஏன் முடியாது?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அங்கே 1924இல் கட்டாய ஓட்டுச் சட்டம் வந்தது. 1922 தேர்தலில் 60 சதவீதத்தைக்கூடத் தொடாத வாக்குப்பதிவு 1925இல் 91ஐத் தாண்டியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே தேர்தல் சனிக்கிழமை, முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், தபாலில் அனுப்பலாம், வெளி மாநிலத்தில் இருந்தாலும் வழி உண்டு. இத்தனையும் செய்துவிட்டுத்தான் 20 டாலர் அபராதம் கேட்கிறார்கள். நம் நாட்டில் குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2015இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே வருஷம் சட்ட ஆணையமும் கட்டாய ஓட்டு வேண்டாம் என்றே சொன்னது. எனக்கும் அதே கருத்துதான்.

கேள்வி: இருபது வருஷமாகச் சென்னைவாசிகள் நாங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான பங்கு வீடு பூட்டியே கிடக்கிறது, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் ஊருக்கு வருவோம். ஓட்டு மட்டும் ஊரில். கட்டாயம் என்று சட்டம் வந்தால் எங்கள் கதி?
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: சட்டம் வரும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? வீடு சொந்தம் என்பதற்காக மட்டும் ஒருவரை அந்தத் தொகுதியில் குடியிருப்பவராகக் கருத முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. கோயில் புள்ளி, அதாவது குலக்கோயில் கணக்கில் உங்கள் குடும்பப் பதிவு, ஊரில் இருக்கட்டும், அது வேறு. ஓட்டு நீங்கள் தண்ணீர் பிடிக்கிற, குப்பைக்கு வரி கட்டுகிற தெருவில் இருக்க வேண்டும். ஊர்ப்பாசத்தில்தான் பெயரை வைத்திருக்கிறீர்கள், புரிகிறது, ஆனால் அதனால் சென்னையிலும் உங்கள் குரல் இல்லை, இங்கும் இல்லை. 2009இல் நம் சிவகங்கைத் தொகுதியின் முடிவே 3,354 ஓட்டில் தீர்ந்தது, பூட்டிய வீடுகளின் ஓட்டு சின்ன விஷயமில்லை.

வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் ஒரு மாதிரி இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு இயக்கிக் காட்ட முன்வந்தது. கட்சிகளின் ஆட்சேபத்தோடு அது நின்றுபோனது. எனக்குப் பெரிய ஏமாற்றம், ஏனென்றால் திருப்பூர் பையனுக்கு அதுதான் வழி. உங்களுக்கு அது தேவையில்லை. படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள், ஆன்லைனிலேயே முடியும், இந்த வாரமே செய்யுங்கள்.