தனியாகப் போய் ஸ்கூபா கற்க எந்தத் தீவு, எந்தக் கடற்கரை?

கேள்வி: ராமநாதபுரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. பிப்ரவரியில் 8 நாள் லீவு கிடைத்திருக்கிறது. தனியாகப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள ஆசை. அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எந்தக் கடற்கரையில் தங்குவது? வாப்பா ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். "மூச்சை நல்லா அடக்கிப் பழகிட்டுப் போ" என்கிறார்.

பதில்: முதலில் வாப்பா சொன்னதைப் பார்ப்போம். சங்கு குளிப்பவர் மேலே இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி ஏறுகிறார், அவருக்கு அடக்குவதுதான் தொழில். சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசிப்பவர் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், வெளி அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஸ்கூபாவில் மூச்சை நிறுத்தவே கூடாது. வாப்பாவிடம் இருந்து கடலுக்குப் பயப்படாத மனசை வாங்கிக்கொள்ளுங்கள், மூச்சு விஷயத்தில் பயிற்சியாளர் பேச்சை மட்டும் கேளுங்கள்.

இனி தீவு. பலர் வெள்ளை மணல் போட்டோவைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறார்கள். நீங்கள் மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாடைக்காற்றும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் மாறினால் எந்தப் பக்கத்துக் கடல் கலங்கும் என்பது நம் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, தீவுகளிலும் அதே கதைதான். இலங்கையில் திருகோணமலை அருகே நிலாவெளி, புறாத்தீவுப் பக்கம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். தென்மேற்கில் இருக்கும் ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. லீவு ஜூலையில் என்றால் நிலாவெளியைத்தான் சொல்லியிருப்பேன், பேச்சுக்கும் தமிழ் இருக்கிறது. லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், தங்கும் இடமும் குறைவு. லீவு தேதி மாறாதவர்களுக்கு அது சிரமம். மாலத்தீவில் ஊர் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதிகள் ரிசார்ட்டை விட மலிவு. ஆனால் சொல்லும் வாடகையோடு வரி, சேவைக் கட்டணம், படகுக் கட்டணம் எல்லாம் சேரும், மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். அங்கே பெயர் பெற்ற பல டைவ் இடங்களில் நீரோட்டம் பலமானது. கற்று முடித்து, கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு போனால் கொடுத்த காசுக்கு முழுசாக அனுபவிக்கலாம்.

பிப்ரவரிக்கு, முதல் முறைக்கு, தனியாகப் போகும் பெண்ணுக்கு என் பதில் அந்தமானின் ஹேவ்லாக், இப்போதைய பெயர் சுவராஜ் தீவு. பாஸ்போர்ட் வேண்டாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) விமானம், அங்கிருந்து படகு. தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தனியாக வருகிறவர்களை மற்ற மாணவர்களோடு ஜோடி சேர்த்துத்தான் இறக்குவார்கள் என்பதால் தனிப் படகுக்குப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை.

கடற்கரை விஷயத்தில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரை தீவின் மேற்குப் பக்கம். டைவ் மையங்கள் பெரும்பாலும் கிழக்கே கோவிந்தநகர், விஜயநகர் பக்கம். டைவ் படகுகள் காலையிலேயே கிளம்பும். ராதாநகரில் அறை எடுத்தால் விடியற்காலை இருட்டில் தனியாக ஆட்டோ தேட வேண்டும். கிழக்குக் கரையில் நீர் வற்றும்போது பாறையும் பவளமும் தெரியும், குளிக்க லாயக்கில்லை. பரவாயில்லை, மையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குங்கள். ராதாநகருக்கு ஒரு சாயங்காலம் போய் வந்தால் போதும். முதலை எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் அங்கே தண்ணீரில் இறங்காதீர்கள், அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு.

பணம் கட்டும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை இறக்கிக் காட்டும் 'ட்ரை டைவ்' வேறு, 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ்ப் பயிற்சி வேறு. முன்னதில் ஆள் கூடவே இருந்து அதிகபட்சம் 12 மீட்டர் கூட்டிப் போவார். பின்னது 3, 4 நாள் படிப்பு, முடித்தால் 18 மீட்டர் வரை ஜோடியோடு இறங்கத் தகுதி. விலை மலிவு என்று முன்னதற்குப் பணம் கட்டிவிட்டு சான்றிதழ் கேட்டு ஏமாறுபவர்கள் உண்டு. பயிற்சியாளரின் பெயரும் எண்ணும் வாங்கி, பேடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற, டைவிங் சான்றிதழ் தரும் அமைப்புகளின் தளத்தில் சரிபாருங்கள். ஒருவரிடம் எத்தனை மாணவர்கள், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் சேர்க்கிற மையத்தை நான் தவிர்ப்பேன். உடல்நலப் படிவத்தில் 'எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க' என்று சொல்கிற மையத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். ஆஸ்துமா, சைனஸ், காது நோய் இருந்தால் ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். நர்ஸான உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம், பல நாள் டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உங்கள் 8 நாளில் கடைசி முழு நாளைத் தண்ணீரில் இறங்காமல் படகுக்கும் ஓய்வுக்கும் விட்டுவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பல நேரம் ஸ்கூபா விலக்காக இருக்கும், பாலிசியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நம் மன்னார் வளைகுடாவிலேயே 21 தீவு இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்? (மண்டபம் வாசகர்)

பதில்: அந்தத் தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. தீவுக்குக் கூட்டிப் போய் டைவ் செய்ய வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். முகக் கண்ணாடியும் குழலும் போட்டுப் பழக காரங்காடு, பிரப்பன்வலசைப் பக்கம் போதும், பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிய 'பெண் கடல்' ஆயிற்றே. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் இறங்க வேண்டாம், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

கேள்வி: டைவ் மையத்துக்கு முன்பணம் கட்டினேன். கடல் சரியில்லை என்று அவர்களே ரத்து செய்துவிட்டு, பணம் திரும்பக் கிடையாது என்கிறார்கள். வழக்குப் போட அந்தமான் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன், பணத்தைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ரத்து செய்ததாக வந்த வாட்ஸ்அப் செய்தி, பணம் கட்டிய ரசீது இரண்டையும் அழித்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.