பிரெக்ஸிட்டுக்கு இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டது அழுகுணி ஆட்டமா?

கேள்வி: 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறலாம் (அதுதான் பிரெக்ஸிட்) என்று மக்கள் தெளிவாக முடிவு சொன்ன பிறகும் பிரிட்டனில் பலர் மறுபடி வாக்கெடுப்பு நடத்தச் சொன்னார்களே, அது ஜனநாயகத்துக்கு எதிரானது இல்லையா? இவ்வளவு போராடியும் ஏன் நடக்கவில்லை? இனி நடக்குமா?

பதில்:

எப்போது கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. முடிவு வந்த கையோடு, 2016 ஜூன் கடைசி வாரத்தில் கேட்டவர்கள் ஆடியது அழுகுணி ஆட்டம்தான், சந்தேகமே இல்லை. 2018 இறுதியில் கேட்கப்பட்டது வேறு கேள்வி, அதில் நியாயம் இருந்தது. ஆனால் 2018-இல் கேட்டவர்களில் பெரும்பாலோர் 2016-இல் கேட்ட அதே ஆட்கள். அதனால் நியாயம் இருந்தும் எடுபடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற 1,74,10,742 பேர், நீடிக்க 1,61,41,241 பேர். சதவீதத்தில் 51.9-க்கு 48.1. வாக்களித்தவர்கள் 72.2 சதவீதம். முடிவு வந்த அன்றே நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மனுவில் கையெழுத்துகள் குவியத் தொடங்கின. வாக்களித்தோர் 75 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து, வென்ற தரப்பும் 60 சதவீதத்தைத் தொடாவிட்டால் மறு வாக்கெடுப்பு வேண்டும் என்பது கோரிக்கை. மொத்தம் 41 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். (வாட்டிகனிலிருந்து மட்டும் 39,000 கையெழுத்துகள் வந்திருந்தன. அங்கே குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூடக் கிடையாது! போலிகளைப் பிறகு நீக்கினார்கள்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனுவை எழுதியவர் வெளியேறும் தரப்பைச் சேர்ந்தவர். தம் தரப்பு தோற்றுவிடும் என்று நினைத்து, முன்ஜாக்கிரதையாக மே மாதமே பதிவு செய்துவைத்திருந்தார். தரப்பு வென்றதும் மனு எதிரிகளின் கைக்குப் போய்விட்டது, அவரும் தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விலகிக்கொண்டார். இந்த ஒரு சம்பவத்தில் முழு விவாதமும் அடங்கிவிடுகிறது என்பேன்.

வெளியேறும் தரப்பின் முக்கியத் தலைவர் நைஜல் ஃபராஜும் அதே மே மாதத்தில், 52-க்கு 48 என்ற கணக்கில் நீடிக்கும் தரப்பு வென்றால் விவகாரம் முடிந்துவிட்டதாக ஏற்க மாட்டோம் என்ற பொருளில் பேசியிருந்தார். வந்தது அதே கணக்கு, தலைகீழாக. வெளியேறும் தரப்பின் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக் 2011-இல் நாடாளுமன்றத்தில் பேசும்போது, இரண்டு வாக்கெடுப்புகள் நடத்தலாம், இரண்டாவதைப் பேச்சுவார்த்தை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர். பின்னாளில் இரண்டாவது வாக்கெடுப்பை எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றார். நீடிக்கும் தரப்பினரும் உத்தமர்கள் அல்லர். முடிவு நேர்மாறாக இருந்திருந்தால், அதே வித்தியாசத்துக்கு மறு வாக்கெடுப்பு கேட்டிருப்பார்களா என்ன?

நான் அப்போது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். வாக்கெடுப்பு அன்று லண்டனில் கொட்டித் தீர்த்த மழை. வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்கவில்லை, பெயரும் முகவரியும் சொன்னாலே போதுமாக இருந்தது. நூலில் கட்டிவைத்த பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் வேலை. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே வாக்களித்தேன். பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த உரிமை உண்டு, இலங்கைக்காரர்களுக்கும் அப்படியே. ஆனால் எங்கள் மேல்தளத்தில் குடியிருந்த போலந்துத் தம்பதிக்கு வாக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆகிய மூன்று நாட்டவருக்கு மட்டுமே இருந்தது. யாருடைய வாழ்க்கை தலைகீழாகப் போகிறதோ அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டது எனக்கு இன்றும் விநோதமாகத்தான் படுகிறது.

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் வெளியேறத்தான் வாக்களித்தார். ருமேனியாவிலிருந்து ஒருவர் டிக்கெட் எடுத்து மறுநாள் வந்து வேலையில் சேரலாம், என் அக்கா மகனை அழைக்க மட்டும் ஆயிரம் காகிதமா என்பது அவர் வாதம். தெற்காசியர்களின் இந்த மனக்குறையைப் பிரசாரக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கறி உணவகங்களைக் காப்போம் என்று வெளியேறும் தரப்பில் இருந்த பிரீத்தி படேல் பிரசாரமே நடத்தினார். 2018-இல் மறுவாக்கெடுப்புப் பேச்சு சூடாக இருந்தபோது மளிகைக் கடை அண்ணனிடம் கேட்டேன்.

“தம்பி, ஒருமுறை கேட்டார்கள், சொல்லிவிட்டேன். நான் சொன்னது காதில் விழவில்லை என்றால் மறுபடி கேட்கலாம். பிடிக்கவில்லை என்பதற்காகக் கேட்டால் எப்படி?”

மறு வாக்கெடுப்புக்கு எதிராக நான் கேட்ட வாதங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. வாக்கெடுப்புக்கு முன்பு அரசே வீடுவீடாக அனுப்பிய கையேட்டில், நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது. சட்டப்படி அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான், நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று வழக்கறிஞர்கள் சொன்னது சரியே. ஆனால் கையேட்டைப் படித்துவிட்டு வாக்களித்தவரிடம் போய்ச் சட்ட நுணுக்கம் பேசினால் கோபம்தான் வரும்.

சரி, 2018-இல் நியாயம் எங்கிருந்து வந்தது? 2016 வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே வாய்ப்புகள்: நீடிப்பது, வெளியேறுவது. நீடிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வெளியேறுவது என்றால்? நார்வே மாதிரி ஒற்றைச் சந்தையில் (சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஐரோப்பிய ஏற்பாடு) இருந்துகொண்டா, கனடா மாதிரி வணிக ஒப்பந்தத்தோடா, ஒப்பந்தமே இல்லாமலா? வெளியேறும் தரப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது, அங்கே சுங்கச் சாவடி முளைத்தால் வட அயர்லாந்து வன்முறையை முடித்துவைத்த 1998 அமைதி உடன்படிக்கை என்ன ஆகும் என்பதை லண்டன் பிரசார மேடைகளில் அநேகமாக யாருமே பேசவில்லை. பேச்சுவார்த்தை தொடங்கியதும் அந்த எல்லைதான் கழுத்தைப் பிடித்தது.

அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் 202-க்கு 432 என்று தோற்றது. நவீன பிரிட்டிஷ் வரலாற்றில் எந்த அரசும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. மார்ச் மாதத்தில் இன்னும் இரண்டு முறை தோற்றது. தெரசா மே மூன்று மாதங்களுக்குள் மூன்று முறை ஒரே ஒப்பந்தத்தை அவையின் முன் வைக்கலாம், மக்கள் மூன்று ஆண்டுகளில் இரண்டாவது முறை வாக்களிக்கக் கூடாதா என்று கேட்டார்கள். பதில் சொல்வது கடினமான கேள்விதான். கையில் ஒப்பந்தம் இருக்கிறது, பக்கம் பக்கமாகப் படிக்கலாம், இதுதான் நீங்கள் கேட்ட வெளியேற்றமா என்று மக்களிடமே காட்டிக் கேட்பதில் தவறில்லை என்பது என் கருத்து. பிரிட்டன் நினைத்தால் விலகல் அறிவிப்பைத் தானே திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது.

முன்னுதாரணங்களும் இருந்தன. டென்மார்க் 1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 சதவீத வாக்குகளால் நிராகரித்தது, நான்கு விலக்குகள் பெற்றபின் 1993-இல் 56.7 சதவீதத்தால் ஏற்றது. அயர்லாந்து, ஒன்றியத்தின் பிந்தைய ஒப்பந்தங்களில் நீஸ் ஒப்பந்தத்தை 2001-இல் நிராகரித்து 2002-இல் ஏற்றது, லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008-இல் நிராகரித்து 2009-இல் ஏற்றது. வெளியேறும் தரப்பினர் இதே பட்டியலைக் காட்டி, பார்த்தீர்களா, சரியான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றார்கள். நீஸ் விஷயத்தில் அது கொஞ்சம் அநியாயம். முதல்முறை வாக்களித்தவர்கள் 35 சதவீதம்கூட இல்லை, இரண்டாம்முறை ஏறக்குறைய பாதிப் பேர் வந்தார்கள். ஆனால் 72 சதவீதம் பேர் திரண்டு வாக்களித்த பிரிட்டனுக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

சீட்டில் என்ன அச்சடிப்பது என்பதிலும் குழப்பம். மேயின் ஒப்பந்தமா, நீடிப்பதா என்று கேட்டால், ஒப்பந்தமில்லாமல் வெளியேற விரும்புபவர் எங்கே குறி போடுவார்? மூன்றையும் வைத்தால் வாக்குகள் மூன்றாகச் சிதறி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெற்றதே வென்றுவிடலாம். முன்னாள் கல்வி அமைச்சர் ஜஸ்டின் கிரீனிங் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் யோசனையைச் சொன்னார். சட்டம் இயற்றி, கேள்வியைச் சோதித்து, பிரசாரம் முடித்து வாக்கெடுப்பு நடத்தக் குறைந்தது 22 வாரங்கள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அரசியலமைப்பு ஆய்வுப் பிரிவு கணக்கிட்டிருந்தது. விலகல் தேதியோ 2019 மார்ச் 29.

2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் லண்டனில் பிரம்மாண்ட பேரணிகள் நடந்தன. அவற்றில் பறந்தவை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக் கொடிகள். ஒப்பந்தத்தின் மீது மக்கள் கருத்தைக் கேளுங்கள் என்று வாய் சொன்னது, வெளியேறவே வேண்டாம் என்று கொடி சொன்னது. மளிகைக் கடை அண்ணனைப் போன்றவர்கள் கொடியைத்தான் பார்த்தார்கள். வெளியேற வாக்களித்த நகரங்களில் போய்ப் பேசி, உங்களுக்குச் சொன்னதைத்தான் தந்திருக்கிறார்களா பாருங்கள் என்று கேட்க வேண்டிய இயக்கம், ஏற்கெனவே தன் பக்கம் இருந்தவர்களையே லண்டன் தெருக்களில் திரட்டிக்கொண்டிருந்தது.

ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஒரே ஒரு நாளைக் காட்டச் சொன்னால் 2019 ஏப்ரல் 1-ஐக் காட்டுவேன். எந்த ஒப்பந்தமானாலும் மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற தீர்மானம் அன்று அவையில் 280-க்கு 292 என்று தோற்றது. வித்தியாசம் 12. ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் (தங்களுக்குள் சுங்கவரி இல்லை, வெளியாருக்கு ஒரே வரி) நீடிக்கலாம் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. கென் கிளார்க்கின் சமரசத் தீர்மானம் 273-க்கு 276, வெறும் மூன்று வாக்குகளில் தோற்றது. இரண்டாவது வாக்கெடுப்பைக் கேட்டவர்களில் பலர் சமரசத்துக்குக் கை தூக்கவில்லை, சமரசம் கேட்டவர்களில் பலர் வாக்கெடுப்புக்குக் கை தூக்கவில்லை. அவரவர்க்கு முழு வெற்றி வேண்டியிருந்தது. கிடைத்தது பிரதமராக போரிஸ் ஜான்சன்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. டிசம்பர் 12 பொதுத் தேர்தலில், புதிய ஒப்பந்தம் போட்டு ஆறு மாதத்தில் வாக்கெடுப்பு என்றது தொழிற்கட்சி. அதன் தலைவர் ஜெரமி கோர்பின் தாம் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நடுநிலை வகிப்பதாக அறிவித்தார். பிரெக்ஸிட்டை முடித்துவைப்போம் என்ற ஒற்றை முழக்கத்துடன் 43.6 சதவீத வாக்கு பெற்ற ஜான்சனுக்கு 365 இடங்கள். வாக்கெடுப்பை ஆதரித்த கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதிக்குச் சற்று மேல் வருகிறது என்பது உண்மை, ஆனால் அந்த வாக்குகள் பல கட்சிகளாகப் பிரிந்து கிடந்தன. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

என் கோபமெல்லாம் 2015-இல் வாக்கெடுப்புச் சட்டத்தை எழுதியவர்கள் மீதுதான். எத்தனை சதவீதம் வேண்டும், ஒப்பந்தம் வந்தபின் மறுபடி கேட்பதா, எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கலாம் என எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தெரியாதவர்களும் அல்லர். 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை அமைக்கும் வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் அது 32.9 சதவீதம்தான் என்பதால் திட்டம் விழுந்தது. வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்ஜியத்தை விட்டுப் பிரிவதா என்ற வாக்கெடுப்புக்கு 1998 சட்டத்தில் இடம் உண்டு, ஒன்று நடந்து ஏழு ஆண்டுகளுக்குள் அடுத்தது நடத்தக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. 2016-இல் மட்டும், நீடிக்கும் தரப்பில் நின்ற அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் தாம் வென்றுவிடுவோம் என்ற தைரியத்தில் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோற்றதும் மறுநாள் காலையே பதவி விலகுவதாக அறிவித்தார்.

இதன் வாலாக ஸ்காட்லாந்து விவகாரம் தொடர்கிறது. 2014-இல் 55 சதவீதம் பேர் தனிநாடு வேண்டாம் என்றார்கள். 2016-இல் ஸ்காட்லாந்து 62 சதவீதம் நீடிக்க வாக்களித்தும் வெளியே இழுக்கப்பட்டது. நிலைமை மாறிவிட்டது, மறுபடி கேளுங்கள் என்கிறது ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி. முடியாது, மக்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்கிறது லண்டன். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து தானாக நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இனி நடக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இல்லை. 2018 தொழிற்கட்சி மாநாட்டில், நீடிக்கும் வாய்ப்பையும் யாரும் ஒதுக்கிவிடவில்லை என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிய கியர் ஸ்டார்மர், 2024-இல் பிரதமரானபோது ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோகூடத் திரும்ப மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் பதவிக்கு வந்தார். அப்படியே ஒருநாள் வாக்கெடுப்பு நடந்து, சேரலாம் என்று முடிவு வந்தாலும் அதோடு வேலை முடியாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஒன்றியத்தின் எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். முன்பு பேரம் பேசி வாங்கிவைத்திருந்த கட்டணச் சலுகையும் யூரோ விலக்கும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே அந்த வாக்குச்சீட்டிலும் எந்த நிபந்தனைகளோடு சேர்வது என்று முன்கூட்டியே எழுத முடியாது.