சிக்னலில் நின்றால் ஏசி சுடுகிறதா? கம்ப்ரசரைக் கழற்றும் முன் ஒரு குடம் தண்ணீர்

கேள்வி: என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் கார். வாரத்தில் மூன்று நாள் பல்லடத்தில் இருந்து கோவை போய் வருகிறேன். ஓடும்போது ஏசி சில்லென்று இருக்கிறது. சிங்காநல்லூர் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான். பானெட்டுக்குள் சில வினாடிக்கு ஒருமுறை ‘டக்... டக்’ என்று கேட்கிறது. போன வருடம் இரண்டு தடவை கேஸ் அடித்தாயிற்று. கம்ப்ரசர் போய்விட்டது, 24,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். ரிப்பேர் செய்ய முடியாதா? பழைய கம்ப்ரசர் வாங்கிப் போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கம்ப்ரசர் மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. கம்ப்ரசர் சாவதற்கு முன்னால் அதைச் சாகடிக்கும் வேலையை வேறு ஏதாவது ஒன்று செய்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரையும் (ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளும் வலை) அதன் ஃபேனையும்தான். வண்டி ஓடினால் எதிர்க்காற்றே கண்டன்சரை ஆற்றிவிடும்; நின்றால் ஃபேன் மட்டுமே கதி. ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம், அது எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார்த்தால் போதும்.

ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதா? அப்புறம் இந்தச் சோதனை. வண்டியை நிறுத்தி, ஏசி முழு வேகத்தில் ஓடும்போது முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். என்ஜின் மேல் படக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர்ச்சி கூடினால் கம்ப்ரசர் வேலை செய்கிறது, சூடுதான் வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது என்று பொருள்.

பல்லடம், திருப்பூர், சோமனூர் பக்கத்து வண்டிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பஞ்சு. தறிக்கூடம், மில் வாசல்களில் நின்று நின்று, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சுத் தூசி அடைகிறது. ஒரு தறிக்கூடக்காரர் வண்டியில் முன் பம்பரைக் கழற்றி, கண்டன்சரைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தேன். சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று ஒரே பாளமாக உரிந்து வந்தது. முன்னால் இருந்து பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகவே தெரிந்தது. பொள்ளாச்சிப் பக்கம் என்றால் இதே இடத்தில் தென்னை நார்த் தூள் இருக்கும்.

அந்த ‘டக் டக்’ கம்ப்ரசர் உடைகிற சத்தம் இல்லை. கம்ப்ரசரை என்ஜின் புல்லியோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுகிறது. பிரஷர் அளவுக்கு மேல் ஏறினாலும், கேஸ் குறைந்தாலும் காப்பு சுவிட்ச் அதை வெட்டிவிடும். எது என்பதைக் கேஜ் (கேஸ் பிரஷரைக் காட்டும் மீட்டர்) சொல்லிவிடும். ஆர்134ஏ கேஸ் ஓடும் வண்டியில், நம் சித்திரை வெயிலில் கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் லோ பக்கம் 30 முதல் 50 பிஎஸ்ஐ, வெளியே வரும் ஹை பக்கம் 200 முதல் 275 வரை இருந்தால் ஏறக்குறைய சரி. இரண்டும் ஏறி நின்றால் கண்டன்சர் அடைப்பு, அல்லது கேஸ் அதிகம். இரண்டும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. லோ கூடி, ஹை குறைந்து, இரண்டு முள்ளும் கிட்டக்கிட்ட வந்தால்தான் கம்ப்ரசர் அமுக்கவில்லை என்று சந்தேகப்படலாம். நிறுத்திய வண்டியில் கேஜ் வைத்து ‘கேஸ் ஃபுல்லா இருக்கு’ என்று சொன்னால் நம்பாதீர்கள். சமையல் சிலிண்டரில் கால்வாசி இருந்தாலும் பிரஷர் அதேதானே காட்டும்!

ஒரு வருடத்தில் இரண்டு தடவை கேஸ் அடித்தது எனக்கு உறுத்துகிறது. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. எங்கோ கசிகிறது. கசியும் இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் கூடவே போகும். ஆயில் ஊற்றாமல் கேஸ் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால், கம்ப்ரசர் ஒருநாள் வறண்டு தேய்ந்துவிடும். பைப் மூட்டுகளிலும் கம்ப்ரசரின் முன்பக்கத்திலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

ரிப்பேர் ஆகுமா என்று கேட்டீர்கள். ஏசியை அணைத்த பிறகும் கரகர சத்தம் வந்தால் புல்லி பேரிங்கைப் பார்க்க வேண்டும். அது தனியாக மாற்றக்கூடியது. கிளட்ச் காயில், ஷாஃப்ட் சீல் இரண்டும் அப்படித்தான். உள்ளே பிஸ்டன் தேய்ந்திருந்தால் மட்டும் காசை வீணாக்காதீர்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: கேஸை எடுத்துவிட்டுப் பைப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, கம்ப்ரசர் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் நிம்மதி. கறுத்து, வெயிலில் மினுமினுவென்று பொடி தெரிந்தால் உலோகம் உதிர்ந்திருக்கிறது. அப்போது கம்ப்ரசரோடு கண்டன்சர், ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சும் டப்பா), எக்ஸ்பான்ஷன் வால்வு (உள்ளே போகும் கேஸை அளந்து விடும் வால்வு) எல்லாம் மாற்றி, பைப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும். கண்டன்சரின் மெல்லிய குழாய்களில் சிக்கிய பொடி கழுவினாலும் முழுதாக வராது.

பழைய கம்ப்ரசரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாய் மூடாமல் ரேக்கில் கிடந்தது என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கும். வேறு வழியே இல்லை என்றால், வாய் மூடி வைத்ததை, கையால் சுற்றிப் பார்த்து, உள்ளே ஆயில் நிறம் பார்த்து வாங்குங்கள்.

எந்த வேலை செய்தாலும் அரை மணி நேரமாவது வேக்குவம் இழுத்து (பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி), முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பின்தான் கேஸ் ஏற்ற வேண்டும். அதுவும் பானெட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை கிராமை எடை வைத்து. எல்பிஜி கலந்த மலிவுச் சரக்கு தீப்பிடிக்கும், வேண்டாம்.

முதலில் பம்பரைக் கழற்றிப் பஞ்சை எடுக்கச் சொல்லுங்கள். கார் கழுவும் பிரஷர் கன்னைப் பக்கத்தில் வைத்து அடிக்க விடாதீர்கள், அலுமினியத் தகடுகள் மடங்கிப் பிறகு காற்றே போகாது. மெல்லிய பிரஷ், சாதாரணத் தண்ணீர்க் குழாய், பின்பக்கத்தில் இருந்து முன்பக்கமாக.