எல்சிடியில் வெறும் கட்டங்கள்தான் வருகிறதா?

வணக்கம் நண்பரே. ஆர்டுயினோ ஊனோ போர்டில் மாட்டிய 16க்கு 2 (வரிசைக்கு 16 எழுத்து, 2 வரிசை) ஐ2சி (இரண்டு வயரில் தகவல் அனுப்பும் முறை) எல்சிடியில் லைட் எரிகிறது, மேல்வரிசையில் 16 கட்டம் மட்டும் நிற்கிறது என்கிறீர்கள். டிஸ்ப்ளே கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவசரப்பட்டு வேறு வாங்கிவிடாதீர்கள். கரன்ட் வருகிறது, கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன போர்டில் உள்ள கறுப்பு ஐசியை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். பிசிஎஃப்8574டி என்றால் ஊனோ அதை அழைக்கும் முகவரி பெரும்பாலும் 0எக்ஸ்27, 8574ஏடி என்றால் 0எக்ஸ்3எஃப். உங்கள் கோடில் 27 இருக்கிறதே, முதல் சந்தேகம் அதுதான். முகவரியைத் தேடித் தரும் ஐ2சி ஸ்கேனர் ஸ்கெட்சை (ப்ரோகிராமை) ஓடவிட்டால் கணினியில் சீரியல் மானிட்டரில் சரியான எண் வந்துவிடும்.

எதுவுமே வரவில்லையா? எஸ்டிஏ (தகவல்) வயர் ஊனோவின் ஏ4-க்கும் எஸ்சிஎல் (கிளாக்) வயர் ஏ5-க்கும் போகிறதா பாருங்கள்; இடம் மாறுவது சகஜம். கோடின் செட்டப் பகுதியில் டிஸ்ப்ளேயைத் தொடங்கிவைக்கும் இனிட் கட்டளை விட்டுப்போனாலும் இதே கட்டங்கள்தான். கடைசியாக எழுத்து மங்கலாக இருந்தால் பின்போர்டில் உள்ள நீலத் திருகை மெல்லத் திருப்புங்கள்.