பி.எட். முடிப்பதற்குள் எந்தெந்தச் செயலிகளைக் கற்க வேண்டும்?

கேள்வி: பி.எட். முதலாண்டு, கணிதம். கல்லூரியில் பவர்பாயிண்ட் தயாரிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. அடுத்த ஆண்டு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போவதற்குள் என்னென்ன செயலிகள் தெரிந்திருக்க வேண்டும்? ஆன்லைன் சான்றிதழ் படிப்புகள் உதவுமா?

பதில்: செயலிப் பட்டியலை மூடி வையுங்கள். பாடப்புத்தகத்தைத் திறந்து, பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலையே எடுத்துக்கொள்வோம். நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். சாய்வு குறை எண்ணானால் கோடு எந்தப் பக்கம் சாயும் என்று கேளுங்கள், முழிப்பார்கள்.

கணிதப் படங்கள் வரையும் மென்பொருளான ஜியோஜீப்ராவில் சாய்வுக்கு ஒரு ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை), வெட்டுத்துண்டுக்கு ஒரு ஸ்லைடர் வைத்தால் கோடு கண்ணெதிரே திரும்பும், ஏறும், இறங்கும். ஆனால் வகுப்புக்குள் நுழைந்ததுமே அதை நகர்த்திக் காட்டினால் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். முதலில் கேள்வி. எல்லோரும் நோட்டில் வரையட்டும், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடட்டும். அப்புறம் ஸ்லைடரைத் தொடுங்கள். தப்பாக வரைந்த பிள்ளையிடம் 'எதை வைத்து அப்படிப் போட்டாய்?' என்று கேட்பதில்தான் பாடமே இருக்கிறது. ஸ்லைடர் வைப்பதை ஒரே மாலையில் பழகிவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகத்தான் நாளாகும்.

பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆசிரியரின் திறன் இருக்கிறது என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் எழுதினார்கள். ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட சட்டகமும் தொழில்நுட்பத்தைக் கற்பித்தலில் பயன்படுத்தும் 18 திறன்களை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. பவர்பாயிண்ட்டோடு நின்றுவிட்டால், என் கணக்கில், முதல் படியைத் தாண்டவில்லை.

பள்ளியில் நெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஜியோஜீப்ராவை மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு காட்டும் வீடியோ வேண்டுமென்றால் திக்‌ஷா என்ற அரசின் கற்றல் செயலியில் முந்தைய நாளே இறக்கிவையுங்கள். கரன்ட் போனால் அதே பாடத்தைச் சாக்பீஸால் எப்படி நடத்துவீர்கள் என்பதும் பாடத்திட்டக் குறிப்பில் இருக்கட்டும்.

சாட்ஜிபிடியிடம் பயிற்சிக் கணக்குகள் வாங்கலாம். ஒவ்வொன்றையும் நீங்களே போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தப்பான விடையையும் அது சற்றும் தயங்காமல் சொல்லும். பிள்ளைகளின் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கமும் வேண்டாம். 18 வயது நிறையாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

சான்றிதழ் படிப்பா? எதையாவது செய்து அனுப்பச் சொல்லி, அதைத் திருத்தியும் தருகிறார்கள் என்றால் சேருங்கள். வீடியோவை ஓடவிட்டு, வினாடிவினா முடித்து வாங்கும் பிடிஎஃப் வகுப்பில் கைகொடுக்காது. அந்த நேரத்தில், சக மாணவர்கள் முன் சில நிமிடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் வகுப்பு ஒன்றைத் தோழியின் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் திரையைப் பார்த்துப் பேசினீர்கள், எவ்வளவு நேரம் எதிரே இருந்தவர்களைப் பார்த்துப் பேசினீர்கள் என்று கணக்கெடுங்கள். அடுத்த முறை எதைக் குறைக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.