பிலிப் லார்க்கின்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கே: சார், லார்க்கின் முழுநேரக் கவிஞரா?

இல்லை, இந்த ஆங்கிலக் கவிஞர் வேலையில் நூலகர். 1943-இல் இங்கிலாந்தில் வெலிங்டன் என்ற சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். லெஸ்டர், பெல்ஃபாஸ்ட் எல்லாம் சுற்றி 1955-இல் ஹல் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தார். 1985-இல் சாகும்வரை அங்கேதான். பகலெல்லாம் பட்ஜெட், கமிட்டி. கவிதை சாயங்காலத்துக்கு மேல். 1945, 1955, 1964, 1974 என்று நாலே தொகுப்புகள்.

கே: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

1964-இல் வந்த 'த விட்சன் வெட்டிங்ஸ்'. முதல் தொகுப்பைக் கடைசியில் படியுங்கள், அதில் கேட்பது ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் குரல்.

கே: "நமக்குப் பின் மிஞ்சுவது அன்பே" என்ற அவர் வரியைக் கல்யாணப் பத்திரிகையில் போடலாமா?

போடுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் எப்போதும் சொல்வதைத் திரும்பச் சொல்கிறேன்: கடைசி வரியை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். 'ஆன் அருண்டெல் டூம்' (ஓர் அருண்டெல் கல்லறை) கவிதையின் முடிவு அது. 1956 தொடக்கத்தில் சிசெஸ்டர் தேவாலயத்தில் ஒரு பிரபுவும் மனைவியும் கல்லாய்ப் படுத்திருப்பதைப் பார்க்கிறார். காலடியில் குட்டி விலங்குகள். பிரபு ஒரு கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் மனைவியின் கையைப் பிடித்திருக்கிறார். இந்தக் கைப்பிடி சிற்பியின் ஒரு சின்ன நயமாக இருக்கலாம், காலம்தான் அதை மாபெரும் காதலாக்கிவிட்டது என்கிறது கவிதை. கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே, இது முழு உண்மை இல்லை என்று கொக்கி போட்டுவிடுகிறார்.

கே: அதெப்படி? மனதார நம்பாமல் அப்படி ஒரு வரி எழுத முடியுமா?

நம்ப ஆசைப்பட்டார், அவ்வளவுதான். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் அவரே குறித்து வைத்திருக்கிறார்: சிலைகள் 600 வருஷம் கைகோத்துக் கிடப்பதால் மட்டும் அன்பு மரணத்தைவிடப் பலமாகிவிடாது என்று.

கே: அந்தக் கைகளே ஒட்டுப்போட்டவையாமே! அப்புறம் கவிதைக்கு என்ன மதிப்பு?

1843-இல் எட்வர்ட் ரிச்சர்ட்சன் என்பவர் சிதைந்த சிலைகளைச் செப்பனிட்டபோது செதுக்கிய கைகள்தான். ஆனால் மூலச் சிலையும் கைகோத்துத்தான் இருந்தது என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. கவிதையில் இன்னொரு பிழையும் உண்டு: கழற்றியது வலக்கை உறை, அவர் இடக்கை என்று எழுதிவிட்டார். இதனாலெல்லாம் கவிதைக்கு ஒன்றும் குறையவில்லை. கல் எப்படிக் கதையாகிறது என்பதுதானே விஷயமே?

கே: லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அந்த வரியையே பொறித்திருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்கு?

2016-இல் வைத்த நினைவுக்கல். நன்றாகப் பாருங்கள், முந்தைய வரியையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். அவர்கள் என் கட்சி!

கே: சார், அந்த அன்பு வரிக்கு என்ன அர்த்தம்?

மேலே சொல்லியாயிற்று, திரும்பப் படியுங்கள்.

கே: அவர் இனவெறியராமே?

1992-இல் கடிதங்களும் அடுத்த வருஷம் ஆண்ட்ரூ மோஷன் எழுதிய வாழ்க்கை வரலாறும் வந்தபோது வெடித்த விவகாரம். கடிதங்களில் இருப்பது அசிங்கம்தான், நண்பர்களிடம் அடித்த கேலி என்று மழுப்ப நான் தயாரில்லை. அதற்காகக் கவிதைகளைத் தூக்கி எறியவும் மாட்டேன்.

கே: டைரிகள் கிடைக்குமா?

லார்க்கின் சொன்னபடி அவருடைய செயலாளர் அவற்றை இயந்திரத்தில் கொடுத்து நறுக்கிவிட்டார்.

கே: அரசவைக் கவிஞர் பதவி?

1984-இல் தேடி வந்தது, வேண்டாம் என்றார். இன்னொரு கவிஞரான டெட் ஹியூஸுக்குப் போனது.

கே: அன்பு வரியை ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

முந்தைய வரியோடு வையுங்கள் ஐயா!

கே: ஜாஸ் விமர்சனமும் எழுதினாராமே?

1961 முதல் பத்து வருஷம், டெய்லி டெலிகிராஃபில். இசை என் துறை இல்லை. ஆனால் அந்த விமர்சனங்களின் தொகுப்புக்கு அவர் எழுதிய முன்னுரையைத் தவறாமல் படியுங்கள். ஜாஸ் கலைஞர் பார்க்கர், கவிஞர் பவுண்ட், ஓவியர் பிக்காசோ மூவரையும் ஒரே மூச்சில் வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.