வீட்டிலேயே ஜெபிக்கலாமே, மற்ற விசுவாசிகளோடு கூடுவதில் அப்படி என்ன சந்தோஷம்?

தனியாகத் தாராளமாக ஜெபிக்கலாம். ஆனால் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பல் உடைந்து தப்பிய பவுல், கைதியாக ரோமாபுரிக்குப் போகிறார். அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. அங்கிருந்த சபைக்கு ஒரு நிருபம், அதாவது கடிதம், மட்டும் எழுதியிருந்தார். அவர் வருவதைக் கேள்விப்பட்ட அந்தச் சபையின் சகோதரர்கள் சிலர் மூன்று சத்திரம் என்ற இடம் வரைக்கும், சிலர் இன்னும் தள்ளி அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு வருகிறார்கள். ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர்! கைதியைத் தெரியும் என்று சொல்லவே பலர் தயங்குவார்கள். அவர்களைக் கண்டதும் பவுல் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று எழுதுகிறார் லூக்கா. புயலின் நடுவே தேவதூதனே வந்து 'பயப்படாதே' என்று சொல்லியிருந்தும், அவருக்கும் சகோதரர்களின் முகம் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவரைச் சபையார் நாலு பேர் போய்ப் பார்த்து ஜெபிக்கும்போது, அவர் முகத்தில் அதே சந்தோஷத்தைப் பார்க்கலாம்.